விருப்பம் கேட்ட படை

ரொம்மன் நிலையம் நோக்கிச் சென்ற சுரங்கத் தொடருந்தில், நோர்வேப் படைச் சீருடை அணிந்த இளைஞன் ஒருவனும் அவன் தாயாரும் என் எதிரே வந்தமர்ந்தனர். அவர்கள் ஏறிய நிலைய மேடையில் போர் எதிர்ப்பாளர்கள் பதாகைகளுடன் நின்றிருந்தனர்.

“தம்பி, நீயும் அவையளோடை நிண்டிருக்கலாம்.”

“அவையள் கத்திப்போட்டுக் கோப்பி குடிக்கப் போவினம், அம்மா. நான் எங்கட நாட்டுக்காக ஆப்கானிஸ்தான் போறன்.”

“ஊரிலை என்ர அண்ணாவைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போனவையும் நாட்டுக்காக எண்டுதான் சொன்னவை.”

“இஞ்சை ஒருத்தரும் பிடிக்கேல்லை. போக விருப்பமோ எண்டு கேட்டவை.”

அம்மையார் மகனின் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

“கேட்டவையோ? இல்லையெண்டு சொன்னால் விட்டிருப்பினமோ?”

“ஓம்.”

“அப்ப ஏனடா இல்லையெண்டு சொல்லேல்லை?”