துருப்பிடிக்காத கைப்பிடி

எங்கள் பட்டறையில் செய்த கம்பி துருப்பிடிக்காது, சார். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். டீ வேண்டாம், ஓட்டலில் குடித்துவிட்டுத்தான் வருகிறேன். நீங்கள் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகப் புரியும் என்று வாசலில் ஏட்டு சொன்னார். எனக்கு அது சௌகரியம். திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்தவன், தெலுங்கும் உருதுவும் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நிதானமாகச் சொல்ல வேண்டியதைத் தமிழில்தான் சொல்ல வருகிறது.

என் வீட்டு மாடியில் குடியிருந்த கால்பந்துக்காரன் இருதயராஜ், துருப்பிடித்த கைப்பிடி பெயர்ந்து விழுந்து இறந்தான் என்று நீங்கள் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இறந்தது சரி. துரு என்பது தவறு. அந்தக் கைப்பிடியை நாச்சாரத்தில் என் பட்டறையில் நானே பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். மாதாபூரில் எழும்புகிற அடுக்குமாடிகளில் பாதிக்கு என் கைப்பிடிதான் போகிறது. பாலச்சந்திரன் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாயலாம் என்பார்கள். அந்தப் பெயருக்கு ஒரு காகிதத்தால் கேடு வருவதை நான் விரும்பவில்லை.

இருதயராஜை இந்த ஊருக்குக் கூட்டிவந்தது நான்தான். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வியாசர்பாடியில் ஒரு மேட்ச் பார்த்தேன். பையன் பந்தைக் காலில் வாங்கினால் எதிராளி இரண்டு பேர் தானாக விலகி வழிவிட்டார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை நான் சின்ன வயதில் பார்த்தது. எங்கள் லால்பஜார் கிளப்பை அப்போதுதான் நிலம் விற்றுப் பணம் பார்த்த ஒருவர் வாங்கியிருந்தார். அவரிடம் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் வரவழைத்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற என் மகன் உமேஷை விட அதிகச் சம்பளம். தங்க இடம் என் மாடி, சாப்பாடு மங்களம் கையால். மங்களம் என் மனைவி.

முதல் மேட்சில் பின்தொடை பிடித்துக்கொண்டது. அது ஆறியதும் கணுக்கால். அதற்கப்புறம் முட்டி. ஆடிய நேரத்தைவிட ஓரத்தில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்த நேரம்தான் அதிகம். சம்பளம் மட்டும் சுளுக்கிக்கொள்ளாமல் வந்துகொண்டிருந்தது. ஜனங்களுக்குக் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். அவன் காலுக்குப் பந்து வந்தாலே "ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சர்" என்று கத்துவார்கள். ஒருநாள் யாரோ கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து, தலையணை வைத்து, மாலை போட்டு, மைதான ஓரத்தில் போட்டுவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்களுக்கு ஒரு இரானி ஓட்டல் உண்டு, வேலை முடிந்து போய் உட்காருகிற இடம். என் வீட்டில் தங்கி என் வீட்டில் சாப்பிடுகிறான் என்பதால் அங்கே அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததுமே அப்துல் காதர் ஆரம்பிப்பார்: "க்யா பாலு, மாப்பிள்ளைக்கு இன்னிக்கி எந்தக் காலு?" மேஜை மேஜையாகச் சிரிப்பு பரவும். "கைக்கு பாய், எதுக்கு இந்தக் கேலி, பாவம் அந்தப் பையன்" என்பேன் நானும் சிரித்துக்கொண்டே. தினமும் இதேதான். நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை, சார். சும்மா சூழ்நிலை புரிவதற்காகச் சொல்கிறேன்.

அவன் நடிக்கிறான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு மத்தியானம் நான் கீழே படுத்திருக்கிறேன், மேலே தொப் தொப்பென்று பந்து சுவரில் மோதுகிற சத்தம். மைதானத்தில் நிற்க முடியாதவன் அறைக்குள் ஆடுகிறான். மங்களத்திடம் சொன்னேன். "உங்களுக்குக் கண்ணு இல்லயா? முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. நாந்தான் உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்து அனுப்பறேன்" என்றாள். அவளுக்கு இளகிய மனசு. அவளுக்கும் முட்டி வலி உண்டு, மாடிப்படி ஏறவே மாட்டாள். அவள் வலியை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்கு யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

அவனும் ஒருநாள் படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னான். "யாருமே நம்ப மாட்டேன்றாங்க அங்கிள். கிளப்புல ஏமாத்துறேன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. நீங்க ஒருத்தர் நம்புறீங்க பாருங்க, அது போதும் எனக்கு." நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். நடிக்கிறவர்கள் இப்படித்தான் மனதைத் தொடுவார்கள்.

எதையும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் என் பழக்கம். மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது, நீங்கள் பார்த்தீர்கள். மேல்படியில், திரும்புகிற இடத்தில், கைப்பிடி சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மேலே படுத்தபிறகு நட்டுகளைக் கழற்றினேன். போல்ட்டுகளை அப்படியே விட்டேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நட்டுகள் இதோ இருக்கின்றன, மேஜைமேல் வைக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள், ஒன்றிலாவது துரு இருக்கிறதா என்று.

கணக்கு எளிது. நடிக்கிறவன் மற்றவர் பார்வைக்காகக் கைப்பிடியைத் தொடுவான், ஆனால் உடம்புப் பாரத்தை அதன்மேல் போடமாட்டான். கால் உண்மையாகவே கெட்டவன்தான் சாய்வான். தொட்டால் நிற்கும். சாய்ந்தால் வரும். அவன் பொய்தான் சொல்கிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததால், அவனுக்கு ஒரு ஆபத்தும் இருக்கவில்லை. நிச்சயமாகத் தெரிந்திருந்தால் சோதனை எதற்கு என்று கேட்கிறீர்கள். எல்லாம் முடிந்து நான் சொன்னபோது மங்களமும் அதையேதான் கேட்டாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவன் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டைப் பட்டறைப் பையன் கொண்டுபோய்க் கொடுத்தான். அவனை மட்டும் சுவர் ஓரமாகப் போகச் சொன்னேன். நான் கவனமில்லாத ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். நான் கொய்யா மரத்தடியில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவன் கதவைத் திறந்து வந்தான். பூட்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தான். "அங்கிள், இன்னிக்கு ஊசி போட்டுனு எறங்கிடலாம்னு இருக்கேன். ஸ்ட்ரெச்சர்னு கத்தினா கத்திட்டுப் போறாங்க" என்று மேலேயிருந்து சிரித்தான். கைப்பிடியைத் தொட்டான். நின்றது. தொட்டான், சாயவில்லை. எனக்கு மனசு லேசாகிவிட்டது. அப்புறம் முதல் படியில் கெட்ட காலை வைத்தான். முட்டி மடங்கியது. அவன் முகம் மாறியது. முழுப் பாரத்தையும் கைப்பிடியில் போட்டான்.

கம்பி உடனே வந்துவிடாது. போல்ட் வழுக்கி வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த நேரம் போதும். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சோதனை பாதியில் நின்றிருக்கும், உண்மை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அவன் கம்பியை விடவே இல்லை. பிடித்தபடியே கீழே கல்தரையில் விழுந்தான்.

நேற்று அவன் அறையைக் காலி செய்யப் போனேன். சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டிருந்தது. சுவரில் தரைக்குச் சற்று மேலே பந்து பட்ட அழுக்கு. உட்கார்ந்தபடியே நல்ல காலால் உதைத்துப் பழகியிருக்கிறான். ஆட்டம் மறந்துவிடக் கூடாதென்று நினைத்திருப்பான்போல. நல்ல பையன்தான், சார். அவன் அம்மா ஊரிலிருந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தித்தான் போன்ல ஓயாம பேசுவான்" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

ஆகவே எழுதியதைத் திருத்திவிடுங்கள். கைப்பிடியில் குறை இல்லை. நட்டைக் கழற்றியது நான், பார்த்துக்கொண்டு நின்றது நான். அவன்மேல் இருந்த பழி நீங்க வேண்டும் என்று மட்டும்தான் செய்தேன், எனக்காக எதுவும் செய்யவில்லை. அவன் நடித்தான் என்று இன்றைக்கு இந்த ஊரில் ஒருவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

அன்றைக்கு ஆம்புலன்ஸில் மங்களம் ஏறிக்கொண்டாள். நான் ஓட்டலுக்குப் போனேன். பையன் விழுந்துவிட்டான், கால் நிஜமாகவே கெட்டுத்தான் இருந்தது, நானே கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். ஓட்டலே அடங்கிப்போயிற்று. அப்துல் காதர் எழுந்து தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார், தோளில் கை வைத்தார், எனக்காக அவரே டீ சொன்னார். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த டீயை நான் நிம்மதியாகக் குடித்தேன், சார். அன்றைக்கு ஒருவரும் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை.