நரி பூனையைத் தொடாது

வளர்ந்த பூனையை நரி பிடிக்காது. குட்டி என்றாலோ நோயில் கிடக்கிற பூனை என்றாலோ வேறு விஷயம். நல்ல உடம்போடு திரிகிற பூனைக்கு நான்கு கால்களிலும் நகம் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்து நரி, வால் நுனி கறுத்த சின்னப் பிராணி, பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நண்டு, வண்டு, எலி, இலந்தைப் பழம் என்று சுலபமாகக் கிடைப்பதைத் தின்றுவிட்டுத் தன் வழியில் போகும்.

இது புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல. அறுபத்தொன்பதாம் வருஷம் மே மாதம், எங்கள் வீட்டுப் பூனையை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாழ்ந்தோட்டத்தில் ஓர் இலந்தை மரத்தில் கட்டிவிட்டு, மூன்று சாயங்காலம் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் நரி வரவில்லை. இரண்டாம் நாள் வந்து பத்தடி தூரத்தில் நின்றது. பூனை முதுகைத் தூக்கிச் சீறியது, நரி திரும்பிப் போய்விட்டது. மூன்றாம் நாள் நரி தன் பாட்டுக்கு எலி வளையைத் தோண்டிக்கொண்டிருக்க, பூனை தூங்கிவிட்டது. நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். அப்போது என் மனதில் வேறு எந்த நோக்கமும் இல்லை. பரீட்சை முடிந்து சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

நான் சம்பூர்ணம். பிள்ளையார்பாளையம். பி.எஸ்ஸி. விலங்கியல். ஆண் பெண் எல்லோரையும் சேர்த்து எங்கள் தெருவில் முதல் டிகிரி என்னுடையது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஒருவராவது கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

கோர்வைப் புடவை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய ஒரு ஆள் போதாது. தறிக்காரனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து, அந்த ஓரத்துக் கரைக்கு நூல் கோத்த நாடாவை எறிய வேண்டும். ஆறு வயதிலிருந்து அந்த ஆள் நான்தான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பும் வந்த பின்பும் எறிந்தேன். மாதவிலக்கில் வயிற்று வலியோடும் எறிந்தேன். அண்ணன் தர்மனுக்குக் கல்யாணம் ஆகி ஜெயம்மாள் அண்ணி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் நான் மதராஸ் விடுதிக்குப் போக முடிந்தது. அண்ணி என்மேல் பிரியமாகத்தான் இருந்தாள். அதை மறைக்கவில்லை.

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மதராஸில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து ஆர்டர் வந்தது. விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. பதினாறாம் தேதி சேர வேண்டும். அண்ணன் தறிக்குழியை விட்டு எழுந்திருக்காமலே கேட்டுக்கொண்டான்.

"நல்லதுமா. ஆனா இப்ப முடியாது. உங்கண்ணிக்கு எட்டு மாசம் ஆவுது. கொழந்த பொறந்தா ஒரு வருஷம் அவளால குந்த முடியாது. நீ கோர்வையப் பாத்துக்கோ. வேலை எங்க ஓடிடப் போவுது?"

"வேலை ஓடிடும்ணா."

"ஓடுனா ஓடட்டும். தவளைய அறுக்கறதுக்கு மதராசுக்குப் போவணுமா? இங்கயே கெணத்துல கெடக்குது."

தானே சிரித்துக்கொண்டான். அண்ணி சிரிக்கவில்லை. "நீ கவலப்படாதம்மா, ஏதாச்சும் வழி பண்ணலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். எல்லோரும் சொல்கிற ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். பிரசவம் என்றால் ஒரு வருஷம். பிள்ளை தங்கவில்லை என்றால் ஒரு மாத ஓய்வு. ஒரு மாதம் என்றால் கல்லூரிக்கு எழுதித் தேதியைத் தள்ளிப்போடலாம். இதில் கோபம் எதுவும் இல்லை. பிறக்காத ஒன்றின்மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் வெளியே இருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியநாயகியின் பூனையை மூன்று நாளாகக் காணவில்லை. கஞ்சி வாசனைக்கு எலி வரும் என்பதால் எங்கள் பக்கம் பூனை இல்லாத வீடு கிடையாது.

"நரிதான் தூக்கிக்கினு போயிருக்கும்" என்றாள் பெரியநாயகி. பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னாம்மா டிகிரி, நரி பூனையப் புடிக்குமா, புடிக்காதா? உங்க புக்குல போட்டுக்கீதா?"

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணியும் வாசலுக்கு வந்தாள். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

"பிடிக்கும்" என்றேன். "பின்னாலிருந்து கழுத்தைக் கவ்வும். இருட்டும் நேரத்தில்தான் வரும். ஒரு சத்தம்தான் கேட்கும், அப்புறம் கேட்காது."

பெரியநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணி உள்ளே போய் எங்கள் பூனை ஜரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதுகில் மஞ்சள் கோடு இருந்ததால் அதற்கு அவள் வைத்த பெயர். அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் பூனையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு.

வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் கிடையாது. பனந்துண்டு ஒன்று போட்டிருப்பார்கள். சாயத் தண்ணீர் பட்டுப் பட்டு வழுக்கும். கீழே துணி துவைக்கிற கற்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அண்ணி அந்தப் பக்கம் போனதே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஜரிகையைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்து, பழைய இலந்தை மரத்தில் கட்டிவிட்டு வந்தேன். அண்ணன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். பூனை கத்த ஆரம்பித்தது.

"ஜரிகை அந்தாண்ட கத்துதே" என்று அண்ணி பதறினாள். "நீ போய் எடுத்துக்கினு வாயேம்மா."

"சோறு வடிக்கிறேன் அண்ணி."

பொய் இல்லை, வடித்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணி போனாள்.

விழுந்த சத்தம் கேட்டு முதலில் ஓடியது நான்தான். அன்று யாரோ சிவப்புச் சாயம் அலசியிருந்தார்கள். அதனால் எவ்வளவு ரத்தம் என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் நான் பனந்துண்டைக் கடந்து போய்ப் பூனையை அவிழ்த்துவிட்டேன். பிள்ளை இறந்தே பிறந்தது, ஆண். அண்ணி சனிக்கிழமை மத்தியானம் வரை இருந்தாள். அவள் போவது என் திட்டத்தில் இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டது உண்மை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூனைய நரி புடிச்சிடுச்சாம்மா?" என்று கேட்டாள். "இல்லை அண்ணி, வீட்டுக்கு வந்துவிட்டது" என்றேன். அவளிடம் அன்று உண்மையைத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தெரு ஆண்கள் தோட்டத்துப் புதரைக் கொளுத்தினார்கள். மூன்று நரிக்குட்டிகள் வெந்து கிடந்தன. தேவையில்லாத கொடுமை. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணியின் அம்மா அங்கம்மாள் வாலாஜாபாத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலையிலேயே துணிமூட்டையோடு வந்து இறங்கியிருந்தாள். அவளுக்குச் செய்தி இன்னும் போயிருக்கவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று எங்கள் வாசலில்தான் தெரிந்துகொண்டாள். இப்போது கோர்வையில் அவள்தான் உட்காருகிறாள். நான் பதினாறாம் தேதியே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அவள் எதற்கு வந்தாள் என்று சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பூனையைத் தேடிப் புறப்பட்ட அண்ணி, கொல்லைக் கதவில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். மூச்சு வாங்கிற்று. முகம் சிரித்தது.

"உங்கிட்ட நாளைக்கிச் சொல்லலாம்னு இருந்தேன். எங்கம்மா வராங்க. ஒரு வருஷம் கோர்வையில அவங்க குந்துவாங்க. உங்கண்ணன்கிட்ட சண்ட போட்டு ஒத்துக்க வச்சிட்டேன். நீ பொட்டியக் கட்டும்மா."

கதவிலிருந்து பனந்துண்டுக்கு நாற்பது தப்படி இருக்கும். எட்டு மாத வயிற்றோடு அவள் மெதுவாகத்தான் நடந்தாள். வேலை எனக்குக் கிடைத்தாயிற்று. பிள்ளையும் பிறந்துவிட்டுப் போகலாம். நரி பூனையைத் தொடாது அண்ணி, நில்லுங்கள் என்று கூப்பிட்டால் போதும், நின்றிருப்பாள். கூப்பிட வாயைத் திறந்தேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை அத்தனை பேர் முன்னால் பிடிக்கும் என்று சொல்லியிருந்தேன். இரண்டே நாளில் அதை மாற்றிச் சொன்னால், பெரியநாயகி தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள். படித்துவிட்டு வந்தவள் சொல் அவ்வளவுதான் என்று ஆகியிருக்கும்.