நூற்றுக்கு எழுபத்தொன்று

தௌசிஃப்: அத்தா, இந்தப் புக்க யாரு பீரோலேந்து எடுத்தாந்தது?

அமீர்: நான்தான். ஏன், மேல தங்க எழுத்துல பேரு போட்டு வெச்சிகினு யாருக்கும் காட்டாம பூட்டி வெப்பியா?

தௌசிஃப்: அதுக்கில்ல... எம்பிஏ கடைசி வருஷ புராஜெக்ட்டு அது. காலேஜுக்குன்னு எழுதினது. வைவா முடிஞ்சி மார்க்கும் போட்டாச்சி. அத்தோட அதுக்கு வேலை முடிஞ்சிது.

அமீர்: அட்டையிலயே போட்டுகீது, அமீர் டிபன் ஸ்டால், புதுப்பட்டினம்னு. இருவத்தாறு வருஷமா இந்தக் கல்லாவுல குந்திகினு கீறேன். என் கடைய பத்தி ஒருத்தன் புக்கே போட்டுட்டான், நான் பாக்கக் கூடாதா?

தௌசிஃப்: இங்கிலீஷ்ல கீதே...

அமீர்: டவுன்ஷிப்புலேந்து உலகநாதன் சார் டீக்கு வருவாருல்ல... கண்ணாடிய மாட்டிகினு பக்கம் பக்கமா படிச்சி சொன்னாரு. டீ ஆறிப்போயி ஆடை கட்டிச்சி, அப்பவும் வுடல மனுஷன்.

தௌசிஃப்: முழுசாவா படிச்சாரு?

அமீர்: முழுசா. டீ நல்லா கீதாம், இட்லி நல்லா கீதாம், தண்ணி கிளாஸு சுத்தமாம். கடைசில பரிந்துரைன்னு ஒண்ணு கீதாமே... அத மட்டும் ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன்.

தௌசிஃப்: அத்தா... இன்னா பண்ணீங்க?

அமீர்: எழுதிக்கீறத பண்ணேன்.

தௌசிஃப்: பரோட்டா கல்லு ஏன் காலியா கீது? இந்நேரம் மாவு பெசைஞ்சி உருட்டி வெச்சிருக்கணுமே... மாஸ்டர் எங்க?

அமீர்: உள்ள சட்ட மாத்திகினு கீறான். மூணு மணி செங்கல்பட்டு பஸ்ஸுக்கு கெளம்பறான். அங்கேந்து கருங்குழி போயிடுவான்.

தௌசிஃப்: ஊருக்கா? லீவா? லீவுதானே அத்தா?

அமீர்: நாளைலேந்து வேற மாஸ்டரு வராரு. கூவத்தூர் ஆளு. சின்ன வயசு.

தௌசிஃப்: அய்யோ... அத்தா, நீங்க...

அமீர்: கத்தாத. வரான் பாரு.

மாஸ்டர்: அடடே, தம்பி! எப்ப வந்த? ஹாஸ்டல் சோறு தின்னு தின்னு எலும்பா பூட்டியே. கல்லு இன்னும் ஆறல, காலைல மாவு கொஞ்சம் மிச்சம் கீது, ரெண்டு போட்டுத் தரவா?

தௌசிஃப்: வேணாம் மாஸ்டர்.

மாஸ்டர்: ஏன், நீயும் அந்த எழுபத்தோரு பேர்ல ஒருத்தனா?

தௌசிஃப்: மாஸ்டர்...

மாஸ்டர்: சும்மா சொன்னேன்பா. மூஞ்சி ஏன் இப்டி போவுது? பாய் எல்லாம் சொன்னாரு. நூறு பேர நிக்க வெச்சி கேட்டியாமே. அதுல எழுபத்தோரு பேரு, பரோட்டா போடற ஆளு சரியில்லன்னு எழுதிக் குடுத்தாங்களாம். எங்க, அந்தப் பக்கத்த காட்டு. என் பேரு எங்க கீது?

தௌசிஃப்: பேரெல்லாம் போடல மாஸ்டர்.

மாஸ்டர்: அப்ப இன்னான்னு போட்டுகீற?

தௌசிஃப்: மூத்த சமையல் பணியாளர்னு...

மாஸ்டர்: கேட்டியா பாய்? பணியாளராம். இருவத்திரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது நீ அப்டி கூப்ட்டுகீறியா? டேய் கோபாலு, டேய் கோபாலுன்னே காலம் ஓடிப்போச்சி.

அமீர்: பஸ்ஸுக்கு நேரமாவுது கோபாலு.

மாஸ்டர்: இரு பாய், போவலாம். தம்பி, இது இன்னா, வட்டமா... பரோட்டாவ வெட்டி வெச்சாப்புல?

தௌசிஃப்: எத்தினி பேரு இன்னா சொன்னாங்கன்னு படம் போட்டுக் காட்றது.

மாஸ்டர்: இந்த செவப்புத் துண்டு?

தௌசிஃப்: அத வுடுங்க மாஸ்டர்.

மாஸ்டர்: சொல்லேன்பா.

தௌசிஃப்: திருப்தி இல்லன்னு சொன்னவங்க.

மாஸ்டர்: யப்பா... பெரிய துண்டு.

அமீர்: போதும், புக்க மூடு.

மாஸ்டர்: இன்னும் ஒண்ணே ஒண்ணு பாய். தம்பி, அந்த எழுபத்தோரு பேரு யாரு யாருன்னு இதுல கீதா?

தௌசிஃப்: எதுக்கு மாஸ்டர்?

மாஸ்டர்: சண்டைக்கு இல்ல. பஜார் வழியாத்தானே நடந்து போறேன். ரெண்டு பேர பாத்து, மனசுல வெச்சிக்காதீங்க, இன்னா கொறைன்னு கேட்டுட்டுப் போவலாம்னுதான். உப்பு கம்மியா, வேகலையா, நேரமாவுதா... இத்தினி வருஷத்துல மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் சொல்லலியேப்பா. மீன் விக்கிற பூவாயி நேத்துகூட ரெண்டு பொட்டலம் கட்டிகினு போச்சி. அதுவுமா சொல்லிச்சி?

தௌசிஃப்: இல்ல மாஸ்டர்... பூவாயிக்கா சொல்லல.

மாஸ்டர்: பாத்தியா. அப்ப அது மீதி இருவத்தொம்பதுல கீது. போதும்பா, அது போதும்.

தௌசிஃப்: மாஸ்டர், நான் ஒண்ணு சொல்லணும்...

அமீர்: தௌசிஃப், அந்தப் பைய எடுத்து மாஸ்டர் கைல குடு.

தௌசிஃப்: இல்ல அத்தா, நான்...

அமீர்: குடுன்னேன்!

மாஸ்டர்: ஏன் பாய் புள்ளைய வெரட்ற? தம்பி, இதுக்குப் போயி கண்ணு கலங்கலாமா? உம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஜனம் சொன்னத நீ எழுதின. மாஸ்டர் நம்ம ஆளாச்சேன்னு மாத்தி எழுதினா, அப்பால படிப்புக்கு இன்னா மருவாதி? ரெண்டு வருஷம் படூர்ல போயி கஷ்டப்பட்டு படிச்ச புள்ள பொய்யா எழுதும்? அம்மா கிட்ட சொல்லிடு, கெளம்பிட்டேன்னு. வரேன் பாய்.

அமீர்: ம்... பாத்துப் போ.

தௌசிஃப்: ஏன் அத்தா என்ன பேச வுடல?

அமீர்: இன்னா பேசப் போற?

தௌசிஃப்: அது பொய்யி அத்தா.

அமீர்: எது?

தௌசிஃப்: எல்லாமே. நூறு பேரு, எழுபத்தோரு பேரு, செவப்புத் துண்டு... ஒருத்தர கூட நான் கேக்கல. காலேஜ் கேன்டீன்ல குந்திகினு நாங்களே ரொப்பினோம். நானு, கூடப் படிக்கற சீனு, கவியா.

அமீர்: நூறு பேப்பருமா?

தௌசிஃப்: ஒரே மத்தியானத்துல. ஊதா பேனா, கருப்பு பேனா, கொஞ்சம் பென்சில்ல. கையெழுத்து வேற வேறயா தெரியணும்னு சீனு எடது கையால எழுதினான். சிரிச்சிகினே எழுதினோம் அத்தா... சிரிச்சிகினே. எல்லாரும் இப்டித்தான் பண்றாங்க, யாரு தேடி வந்து கேக்கப் போறாங்கன்னு.

அமீர்: அது சரி. டீ நல்லா கீதுன்னு எழுதின, இட்லி நல்லா கீதுன்னு எழுதின. கோபாலு மேல மட்டும் ஏன்டா கொறை?

தௌசிஃப்: எல்லாமே நல்லா கீதுன்னா வைவால ஒத்துக்க மாட்டாங்க. கொறைன்னு ஒண்ணு இருந்தாத்தான் பரிந்துரை எழுத முடியும். அதுக்குன்னு தனியா ஒரு அத்தியாயம் கீது. தண்ணி கிளாஸு அழுக்குன்னு போடலாம்னு கவியா சொன்னா. நான்தான்... வேணாம், அது அத்தாவுக்கு அசிங்கம்னேன்.

அமீர்: அப்பறம்?

தௌசிஃப்: மாஸ்டர் சரியில்ல, ஆள மாத்தணும்னு போட்டுடலாம்னேன். அவருக்கு எங்க இங்கிலீஷ் தெரியப்போவுது, எங்க படிக்கப்போறாருன்னு... நான் சொன்னேன் அத்தா. என் வாயால நான் சொன்னேன். எழுபதுன்னு போட்டா கணக்குக்குப் போட்டாப்புல இருக்கும், எழுபத்தொண்ணுன்னு போடு, நெஜம் மாதிரி இருக்கும்னு சீனு சொன்னான்.

அமீர்: மார்க்கு எவ்ளோ?

தௌசிஃப்: தொண்ணூத்திநாலு. கிளாஸ்லயே நான்தான் மொத மார்க்கு. நேரா போயி பாத்து எழுதியிருக்கான் பாருங்கன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னாங்க, நானும் பல்ல இளிச்சிகினு நின்னேன். சீ... ஸ்கூலுக்கு போறப்பல்லாம் எனக்குன்னு தனியா டப்பாவுல கட்டிக் குடுத்த கை அத்தா அது. இப்ப அவரு என்னான்ட வந்து, படிச்ச புள்ள பொய் எழுதுமான்றாரு. எனக்கு செத்துடலாம் போல கீது.

அமீர்: வாயக் கழுவு. அப்டியெல்லாம் பேசாத.

தௌசிஃப்: மூணாவ இன்னும் அஞ்சு நிமிஷம் கீது. பஸ்ஸு எடுத்திருக்க மாட்டான். ஓடிப்போயி கூட்டியாந்துடறேன்.

அமீர்: நில்லு.

தௌசிஃப்: கூவத்தூர் ஆள வர வேணாம்னு ஒரு போன போடுங்க. நான் மாஸ்டர் கால்ல வுழுந்தாவது...

அமீர்: நில்றா!

தௌசிஃப்: கைய வுடுங்க அத்தா! இவ்ளோ சொல்லிகீறேன், உங்களுக்கு கோவமே வரலியா? ஒரு அற வெச்சிருந்தாலும் தேவலையே... ஏன் இப்டி தரைய பாத்துகினு கீறீங்க? அத்தா... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

அமீர்: காலைல நாலரைக்கு கட தொறந்தா ராத்திரி வரைக்கும் கல்லாவ வுட்டு நான் எழுந்திருக்கறது தொழுவறதுக்கு மட்டும்தான். இங்க எவன் கைலயாவது பேப்பர குடுத்து நீ ரொப்பச் சொல்லியிருந்தா என் கண்ணுல படாதா? படிச்சி முடிச்சதும் உலகநாதன் சாரே கேட்டாரு, தெனம் வரேன், என்ன ஒருத்தரும் கேக்கலியே பாய்னு.

தௌசிஃப்: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா அனுப்பினீங்க?

அமீர்: கோபாலுக்கு கை ஆடுதுடா. ஆறு மாசமா கீது. போன மாசம் கொதிக்கற எண்ண கீழ ஊத்திகிச்சி. பெஞ்சில ஒரு கொழந்த காலத் தொங்கப் போட்டுகினு குந்தியிருந்துது. ரெண்டு வெரக்கடை தள்ளி வுழுந்துது, அல்லா காப்பாத்தினான். அன்னிலேந்து தெனம் அவன கூப்ட்டு எதிர்ல நிக்க வெக்கறேன். சொல்லணும்னு வாயத் தொறந்தா, டீ குடிச்சியா கோபாலுன்னுதான் வருது.

தௌசிஃப்: அதுக்கு என் புக்கா அத்தா கெடச்சிது?

அமீர்: நான் சொன்னா, இருவத்திரெண்டு வருஷம் ஒழைச்சவன பாய் தொரத்திட்டான்னு ஆவும். ஊரே சொல்லிச்சின்னா, அட்ட போட்ட புக்கே சொல்லிச்சின்னா... என் மேல பழி வராது பாரு. கேக்கறவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்.

தௌசிஃப்: திரும்ப வேலைக்கு கூப்ட முடியலன்னா போவட்டும். ஊரு சொல்லல, எல்லாம் நான் கட்டின பொய்யின்னு அவரான்ட சொல்லிட்டாவது வரேன். இல்லன்னா என்னால சோறு திங்க முடியாது. வுடுங்க.

அமீர்: போ. வேணான்னு சொல்லல, ஓடிப் போயி சொல்லு. ஜனம் ஒண்ணும் சொல்லலன்னு தெரிஞ்சா அவன் மனசு ஆறும். ஆனா அப்பறம் கேப்பான்டா... அப்ப என்ன வேணான்னு சொன்னது யாருன்னு கேப்பான். அதுக்கு என் பேர சொல்லிடு தௌசிஃப். அத சொல்ல பயந்துகினுதான் உன் பொய்ய நான் எடுத்து வெச்சிகினேன்.