திங்கட்கிழமை நோயாளி

ஒரு திங்கட்கிழமைக்கும் அடுத்த திங்கட்கிழமைக்கும் இடையில் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதில் அரை மணிதான் நான் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவேன். சிறு வயதிலிருந்தே எனக்கு யாரிடமும் கலந்து பேச வராது.

வேதியியல் பட்டம் வாங்கியதும், 1974இல், வேலூரில் டாக்டர் அரங்கநாதனின் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. காரணமில்லாத பயம், படபடப்பு என்று வருகிறவர்களுக்குப் புதிய அமைதி மருந்து எவ்வளவு உதவுகிறது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் பால் சர்க்கரை. பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள் கேப்சூல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. நிரப்புகிற எனக்கு மட்டும் தெரியும். வாய் திறக்காதவள் என்பதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

அமிர்தவள்ளி ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்தாள். திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்துக் கேப்சூல்களை வாங்க என்னிடம் வந்து அரை மணி உட்காருவாள். தோல் ஊறும் ஆழமான சுண்ணாம்புத் தொட்டி அருகே போனாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். அந்த வேலை போனால் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் சோறு இல்லை. அவளுக்கு வாய்த்தது நிஜமான மருந்து.

"இன்னா டாக்டரம்மா, வாயில கொழுக்கட்டையா? நானே பேசிக்கினு இருக்கேன்" என்பாள்.

"நான் டாக்டர் இல்லீங்க."

"தெரியும். டாக்டருன்னா சிரிக்க மாட்டாரே."

ஏழாவது மாதம், தொட்டி ஓரமாகவே நின்று தோல் இழுத்ததாகச் சொன்னாள். "நெஞ்சு கம்முனு கெடந்துச்சும்மா."

டாக்டருக்கு மகிழ்ச்சி. எல்லாருக்கும் செய்வதுபோல இவளுக்கும் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம், பிறகு வர வேண்டாம் என்றார். மருந்து சாப்பிடுகிறவளாக இருந்து ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று என்னை எச்சரித்தார். தலையாட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் கை மறுபடி நடுங்கியது.

"ஒரே பேஜாரா இருக்கும்மா. தூக்கமே இல்ல. இனிமே வர வேணாம்னாரே, இன்னா பண்றது?"

இன்னும் பல மாதம் வர வேண்டியிருக்கும் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன் நான் யார் கையையும் பிடித்ததில்லை. டீ வரவழைத்தேன். அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை ஷெட்டில் அவளுக்கு வலிப்பு வந்தது. சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்தாள். தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவளுக்கு எதம்மா கொடுத்துவந்தாய்?" என்று டாக்டர் கேட்டார்.

"மருந்து" என்றேன்.

மருந்துதான் வலிப்பைக் கொண்டுவந்தது என்று அவர் நம்பினார். ஆராய்ச்சியை நிறுத்தினார். சாப்பிடாமல் அறையிலேயே கிடந்தார். நான்தான் மோர் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அவள் சாவுக்காகப் போலீஸ்காரர்கள் நீங்கள் அவரை விசாரிக்கிறீர்கள். அவர் மேல் குற்றமில்லை. நல்ல மருந்து அது.

நிறுத்தலாம் என்று அவர் சொன்ன நாளிலிருந்து அமிர்தவள்ளியின் கேப்சூல்களில் நான் நிரப்பியது பால் சர்க்கரை மட்டுமே. அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச காலம் நோயாளியாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.