தரைப்பெட்டிச் சாவி

பை வைக்காத சட்டையை நான் போடுவதில்லை, ஐயா. கண்ணாடி, பேனா, பிரஷர் மாத்திரை என்று ஏதாவது அதில் கிடந்துகொண்டே இருக்கும்.

கட்டட வேலையில் ஆளைக் கூடையில் வைத்து உயரத்துக்குத் தூக்கும் பூம் லிஃப்டின் சாவியையும் அதில்தான் போடுவேன். அது தப்பு. மேலே கூடையில் ஆள் இருக்கும்வரை, வண்டியைக் கீழிருந்தே இயக்கும் தரைப்பெட்டியில் சாவி மாட்டியே இருக்க வேண்டும். மேலே இருப்பவருக்கு ஒன்று ஆகிவிட்டால் கீழே நிற்பவன்தான் அதைத் திருப்பி இறக்க வேண்டும். ஆனால் போகிறவன் வருகிறவன் எல்லாம் திருகிப் பார்க்கிறான் என்று உருவி வைத்துக்கொள்வேன். இன்ஜினியர் இரண்டு முறை சத்தம் போட்டிருக்கிறார். அதனால்தான் அன்று நான் "சாவியைக் காணோம்" என்றதும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மேலே இருந்தவர் என் மருமகன், வெல்டர். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். என் மகள் மூன்று முறை வீங்கிய முகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். மூன்று முறையும் சமாதானம் சொல்லி நானே கொண்டுபோய் விட்டேன். கடைசி முறை அவர்கள் வீட்டு வாசலில் நின்று, "அடுத்த தடவ நான் வரமாட்டேன்பா. என்னைத் தூக்கிட்டுதான் வருவாங்க" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்று தெரியாமல் தவித்தேன்.

அன்று அவர் எட்டாத மூலையைப் பற்றவைக்கக் கைப்பிடிக் கம்பிமேல் ஏறினார். வழுக்கினார். இடுப்பிலும் தொடையிலும் மாட்டியிருந்த பாதுகாப்புப் பட்டை பிடித்துக்கொண்டது. கூடைக்குக் கீழே, நாலு மாடி உயரத்தில் தொங்கினார்.

"மாமா, சீக்கிரம் இறக்குங்க. கால் மரத்துப் போகுது."

"தேடிட்டிருக்கேன் மாப்பிள்ளை. ஆடாம அசையாம இருங்க."

புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான்தான். தொங்குபவர் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அசையாமல் இருந்தால் ரத்தம் காலிலேயே தேங்கி முதலில் நினைவு போகும், பிறகு உயிர் போகும் என்று சொல்லிக்கொடுப்பேன். மாப்பிள்ளை ஆயிற்றே என்று அவரை மட்டும் வகுப்பில் உட்காரவைக்காமல், வந்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஒருவரைக் கருவி அறைக்கும் ஒருவரை அலுவலகத்துக்கும் ஓடவிட்டேன். சாவி இல்லாமல் இறக்கும் கைப்பம்பு பழுது என்றேன். அது நன்றாகத்தான் இருந்தது. நானும் குனிந்து சல்லிக் குவியலில் தேடினேன். இருபது நிமிடம். நடுவில் எப்போதோ அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தலை தொங்கிப்போனதைப் பார்த்த பிறகு சட்டைப் பையைத் தடவி, "அட, இங்கதான் இருக்கு" என்றேன்.

விபத்து என்று எழுதிவிட்டார்கள். என் மகளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. உனக்காகத்தான் செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க வீட்ல எனக்கு ஒரு ரூம் போதும்னுதானேப்பா கேட்டேன்."

அவளுக்கு உலகம் தெரியாது, ஐயா. புருஷனை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.