ஊதாக் கோடு

இந்தப் பிளேன்டியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, சேர். பரவாயில்லை, குடிக்கிறேன். சிங்களத்திலும் என்னால் சொல்ல முடியும். ஆனால் இதையெல்லாம் நான் தமிழில்தான் யோசித்தேன். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அப்படிக் கொண்டுவரக் கூடாது. பிஸ்கட் டின்னுக்குள் கறுப்புப் பெயின்ட் அடித்து, பழைய டோர்ச் பற்றரிகளின் கரிக்குச்சிகளை எடுத்து, சீடி ஒன்றை உடைத்து ஒரு துண்டை வைத்து, வெப்கேமரா பொருத்தி நானே செய்தது. குச்சிகளுக்கு நடுவே, சோதிக்கும் பொருளை எரித்த சாம்பலை வைத்துத் தீப்பொறி எழுப்பினால், அந்த வெளிச்சம் சீடித் துண்டில் பட்டு நிறம் நிறமாகப் பிரியும். ஒவ்வொரு உலோகத்துக்கும் அதற்கே உரிய இடத்தில் கோடு விழும். ஈயம் என்றால் ஊதா. கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாத துளியையும் அது காட்டிக்கொடுக்கும்.

இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரம் செய்யும் புவாட் முதலாளிதான் தன் கடைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை தந்தார். நிறம் கூட்டுவதற்காகச் சூடுகாட்டிய கல்லை என் பெட்டி பிடித்துவிடும் என்று நம்பினார். பிடிக்கவில்லை. பிறகு எங்கள் தோட்டத்தில் ஊற்றிலிருந்து குழாய் வழியே விழும் பீலித் தண்ணீரை வற்றவைத்துக் கொண்டுபோனேன். ஈயக் கோடு விழவில்லை.

"தம்பி, இரிக்கிறதக் காட்டினாத்தான் மெசின்," என்றார் முதலாளி. "ஒண்டுமில்ல, ஒண்டுமில்லண்டு சொல்றதுக்கு எங்கட மச்சான் ஒருத்தன் ஈக்கான். அவனுக்குக் கரண்டும் தேவல்ல."

கடையே சிரித்தது. மாத முடிவில் அறையை விடச் சொன்னார்.

நாங்கள் குடித்த தண்ணீர் சுத்தமாக இருந்தது, சேர். அதுதான் என் துரதிர்ஷ்டம்.

தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசைகள் இரண்டு. மேல் லயத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கியும் பீலியும். கீழ் லயத்துக்கு வேறு ஊற்று, வேறு பீலி. மேல் தாங்கியில் ஈய உப்பைக் கரைத்தேன். கீழே தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே கலக்காத இடம் ஒன்று வேண்டும். அதற்குப் பூச்சியம் என்று பெயர். என் அக்கா கிருஷ்ணகுமாரி கைக்குழந்தையோடு கீழ் லயத்தில் இருந்தாள். அதனால்தான் அதைப் பூச்சியமாக வைத்தேன். நான் குடும்பத்தை நினைக்காதவன் இல்லை.

முதலில் மேல் பீலித் தண்ணீரில் கோடு விழவில்லை. ஒன்று கருவியைத் திருத்த வேண்டும், இல்லை தண்ணீரைத் திருத்த வேண்டும். கருவியில் குறையில்லை என்று எனக்குத் தெரியும். உப்பைக் கூட்டினேன்.

மேல் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். கருவி இல்லாதவர்கள் அப்படித்தான்.

ஈயம் முடியில் தங்கும். மாரியம்மன் திருவிழாவில் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டபோது, ஒவ்வொரு பிள்ளையின் முடியையும் தனித்தனிக் கடதாசியில் மடித்துக்கொண்டேன். அக்கா மகளுக்கும் அன்றுதான் முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். வைத்துக்கொண்டேன். பாப்பா அழவில்லை. தலை என் கையில் துவண்டு கிடந்தது.

"மாமன் மடின்னதும் புள்ளைக்குத் தூக்கம் வந்திருச்சு," என்றார்கள் பெண்கள்.

"ஏன்டா தம்பி, நீ சீர் செய்ய வந்தியா, முடி பொறுக்க வந்தியா?" என்றாள் அக்கா.

மேல் லயத்து முடிகளில் கோடு விழுந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியாகப் பூச்சியத்தைப் போட்டேன், பாப்பாவின் முடியை. எல்லாவற்றையும்விடத் தடித்த ஊதா.

பெட்டி பிழை என்று ஆகிவிடுமோ என்று பயந்து அக்காவிடம் ஓடினேன்.

"மேப்பீலித் தண்ணி இப்ப இனிக்குதுடா," என்றாள். "ஆத்தா எறங்கியிருக்கான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நானும் அங்க போய்த்தான் குடம் நெறைக்கிறேன். பாப்பாவுக்குப் பால்மா அதுலதான். சீனியே போடுறதில்ல."

அந்த உப்பு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத் தேடி மேடேறி வருவாள் என்று யார் கண்டது? என் பூச்சியத்தை அவள்தான் கெடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேல் லயத்தாரும் குடிப்பதை நிறுத்தியிருப்பார்கள்.

அதே வாரம் பாப்பாவுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வலிப்பு என்றார்கள். நான் வார்ட் வாசலில்தான் நின்றேன். மறுமுறை அளந்து உறுதிசெய்யாமல் எதையும் வெளியே விடக் கூடாது. திரும்பிப் போய் மீதி முடியையும் எரித்துப் பார்த்தேன். அதே கோடு. அதற்குப் பிறகு நானாகத்தான் இங்கே நடந்து வந்தேன். என்னை யாரும் பிடித்துவரவில்லை.

நீங்கள் தாங்கியை அடைத்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்.

வெளியே அழுவது அக்காதான். அவளுக்கு விளங்கும்படி சொல்லுங்கள்: டாக்டர்மாருக்குத் தெரியாததைக் கண்டுபிடித்தது என் பெட்டி. நான் ஈயம் என்று சொன்ன பிறகுதானே பாப்பாவின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள்?

கையெழுத்துப் போடுகிறேன், சேர். ஒன்றே ஒன்று. கொழும்பு முடிவு வந்ததும், பாப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்கு ஒரு பிரதி தாருங்கள். என் கோடு சரிதானா என்று பார்க்க வேண்டும்.