ஹா-ஹா றோட்டு மாப்பிள்ளை

— ஹா-ஹா றோட்! ஒரு மனுசன் குடியிருக்கிற விலாசமே அது? பிள்ளை, உன்ர கொப்பன் சீமெந்து குழைக்கிறவன்தான். மூளையையும் சேத்துக் குழைச்சுப்போட்டான் எண்டு நினைச்சிட்டினமோ அவை?

— அப்பா, உண்மையா அப்பிடி ஒரு றோட் இருக்கு. லண்டனில, வூலிச்சில.

— வூலிச் இருக்கட்டும். பெடியனைப் பற்றி விசாரிப்பம் எண்டு லண்டனில தெரிஞ்ச ஆக்கள் எல்லாருக்கும் போன் அடிச்சனான். றோட்டின்ர பேரைச் சொன்ன உடன சிரிக்கிறாங்கள். ஒருத்தன் கேக்கிறான், "அண்ணை, ஹீ-ஹீ றோட்டில ஒரு வீடு விலைக்கு வருது, பாப்பமோ?" எண்டு. போனை வைச்சிட்டன்.

— இஞ்சாருங்கோ, கோயிலுக்குப் போற வழியில ஏன் கத்துறியள்? அவை பேசின் மலையடிக்கு வந்து பிள்ளையார் கோயில் வாசலில நிக்கினம். உங்கட பிள்ளையைப் பாக்கவெண்டு லண்டனிலயிருந்து பறந்து வந்த சனம்.

— அதுக்குத்தான் சொல்லுறன் யோகா. பொறோனியா வாறதுக்குள்ள அப்பிடி ஒரு றோட் இருக்கெண்டு எனக்கு நம்பிக்கை வரவேணும். வராட்டில் காரைத் திருப்பி நேர வீட்டுக்கு, கிளென் வேவர்லிதான். தாட்சாயினிக்கு நடந்தது போதும்.

— அது உங்கட தங்கச்சி தன்ர பிள்ளைக்குச் செய்த அவசரம்.

— என்ன அவசரம்? மாப்பிள்ளை தந்த விலாசத்தைத் தேடிப் போனா அங்க கோழி பொரிச்சு விக்கிற கடை! பிள்ளை சூட்கேசோட கடை வாசலில நிண்டு அழுதது. என்ர பிள்ளையை அப்பிடி நிக்க விடமாட்டன். பச்சைக் கொங்கிறீற்றில காலை வைச்சா அடையாளம் போகாது.

— அப்பா, கேளுங்கோ, போனில வாசிக்கிறன். லண்டனில ஃப்ரையிங் பான் அலி எண்டு ஒண்டு இருக்கு.

— அப்பிடியெண்டா?

— பொரிக்கிற தாச்சி ஒழுங்கை.

— பேய்க்கதை.

— சீரியஸ்லி அப்பா! இன்னொண்டு, ப்ளீடிங் ஹார்ட் யார்ட். இரத்தம் வடியிற இதயத்தின்ர முற்றம்.

— அங்க ஆர் இருக்கிறது, டொக்ரரே?

— ஷோல்டர் ஒஃப் மட்டன் அலி, ஆட்டுத்தோள் ஒழுங்கை. ஹல் எண்ட ஊரில லான்ட் ஒஃப் கிரீன் ஜிஞ்சர். பச்சை இஞ்சி நாடு! நாடு இல்லை அப்பா, லிட்டரலி ஒரு தெரு!

— பொறு, பொறு. தாச்சி, ஆட்டிறைச்சி, பச்சை இஞ்சி. யோகா, வெள்ளைக்காரன் தெருவுக்குப் பேர் வைக்கேல்லை, குசினியில நிண்டு சமைச்சிருக்கிறான்!

— பாத்தியளே, சிரிக்கிறியள்.

— சிரிச்சா நம்பினதெண்டில்லை. அந்த ஹீற்றரைக் கூட்டு. மலையடிக் குளிர் இப்பவே காலைக் கடிக்குது. நல்லகாலம் இந்தத் தொப்பி. பிள்ளை, போன டிசம்பரில சிங்கப்பூருக்கு ட்ரெயினிங் எண்டு போனனி. மற்றப் பிள்ளையள் சொக்கிலேற் கொண்டு வருவினம், நீ கம்பளித் தொப்பி கொண்டு வந்தாய். விடியக் கொங்கிறீற் ஊத்தேக்கை இது இல்லாட்டில் என்ர காது கழண்டு விழுந்திடும். ஆனா அந்த வெக்கை ஊரில இதை ஆர் வாங்கிறது?

— ஏசிக்கு அப்பா. அங்க எல்லா இடமும் ஏசி.

— ஓமோம், பொல்லாத ஏசி. உங்கட பிள்ளை தும்மித் தும்மித் தடிமனோடயெல்லே வந்து இறங்கினவள்.

— சரி பிள்ளை, உதைச் சொல்லு. ஹா-ஹா எண்டு ஏன் வைச்சவங்கள்? ஆர் விழுந்து ஆர் சிரிச்சது?

— அது ஒரு மதில் அப்பா! ஹா-ஹா எண்டா ஒரு வகை மதில். பள்ளம் வெட்டி அதுக்குள்ள கட்டுறது. ஆடு மாடு தாண்டி வராது. ஆனா தூரத்தில நிண்டு பாத்தா மதில் இருக்கிறதே தெரியாது, வெறும் புல்லுத்தான். கிட்டப் போய் நிண்டாத்தான், ஹா!

— தாட்டு வைச்ச மதிலோ! சீ, கெட்டிக்காரர். நானும் இவ்வளவு காலமா மதில் கட்டுறன், ஒளிச்சு வைக்கிற மதில் வேணுமெண்டு ஒருத்தனும் கேட்டதில்லை. என்னத்தால கட்டினது, கல்லோ?

— செங்கல். பாசி பிடிச்ச பழஞ் செங்கல்.

— அப்ப சாந்து சுண்ணாம்பாத்தான் இருக்கும்.

— ஓம் அப்பா, தொட்டா மா மாதிரி விரலில ஒட்டும்!

— உதெல்லாம் போனில போட்டிருக்கே?

— ம்... றிவியூவில.

— மதிலுக்கும் றிவியூ எழுதுறாங்களோ!

— இஞ்சாருங்கோ, பொறோனியா வந்திட்டுது. திருப்பிறியளோ, நேர போறியளோ?

— நேர போறன்! யோகா, நேர போறன்! உப்பிடி ஒரு றோட்டை ஒரு கள்ளனாலயும் இருந்து யோசிச்சுச் சொல்ல ஏலாது. பொய் சொல்லுறவன் நம்புற மாதிரியெல்லே சொல்லுவான்! தாட்சாயினிக்கு வந்தவன் சேர்ச் றோட் எண்டுதானே தந்தவன்! கேக்க எவ்வளவு வடிவு!

— அதைத்தானே அப்பா வெளிக்கிட்டதிலயிருந்து—

— விடு பிள்ளை. நான் இறங்கின உடன மாப்பிள்ளை அருந்தவனின்ர தேப்பனைக் கட்டிப்பிடிச்சு ஹா-ஹா எண்டு சிரிக்கப்போறன். பெடியனிட்ட ஒண்டுதான் கேப்பன்: "தம்பி, சம்பந்தம் பேசின ரஞ்சினி காட்டின படத்தை மட்டும் பாத்து ஓம் எண்டிட்டாய், ஒருநாளாவது நேர பாக்காத பிள்ளையை எப்பிடியடா பிடிச்சது?"

— அப்பா, மெதுவா. அந்த நீலக் காருக்குப் பக்கத்தில விடுங்கோ.

— அதுதானோ தாய்? எங்களைக் கண்ட உடன கையெல்லாம் ஆட்டுறா! நல்ல மனுசி போல கிடக்கு. நீ ஏன் பிள்ளை சீற்றுக்குக் கீழ குனியிறாய்?

— இஞ்சாருங்கோ, இறங்க முந்தித் தொப்பியைக் கழட்டுங்கோ.

— குளிருது யோகா. கோயிலுக்குள்ள போகேக்கை கழட்டுறன்.

— இப்பவே கழட்டுங்கோ. லண்டன் குளிர் உங்கட மகளுக்குத் தாங்காதெண்டு அதைப் பின்னிக் குடுத்ததே அந்த மனுசிதான்.